இனிப்புநீர்க்காரருக்குக் கைப்பேசி என்ன செய்யும்?



முதலில் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். இனிப்புநீரோ இரத்தக் கொதிப்போ உள்ள ஒருவர் அரசாங்க சுகாதார கிளினிக்குக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் டாக்டர் முன்னால் உட்காருவது பத்து நிமிடம் என்றால், வருடம் முழுவதற்கும் சேர்த்து நாற்பது நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் அந்த வியாதி உங்கள் கையில்தான் இருக்கிறது. மாத்திரை போட்டீர்களா, பசியாறினீர்களா, காலில் புண் இருக்கிறதா என்று பார்க்க அங்கே டாக்டரும் இல்லை, டிரசரும் இல்லை. ஆனால் சட்டைப் பையில் ஒரு கைப்பேசி இருக்கிறது. படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் வைத்திருக்கும் அதே கைப்பேசியை இந்த வியாதிக்குக் காவலாக வைக்க முடியுமா என்பதைத்தான் இந்த மாதம் சொல்ல வந்தேன்.

எனக்கு முந்திய காலத்து டிரசர்கள் மலேரியாவோடும் வயிற்றுப்போக்கோடும் மல்லுக்கட்டினார்கள். மருந்து கொடுத்தால் ஒரு வாரத்தில் ஆள் எழுந்து பெரட்டுக்கு வந்துவிடுவார். இன்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேருக்கு உள்ளது அந்த மாதிரி வியாதி அல்ல. லாலாங் புல் மாதிரியான வியாதி. வெட்டிவிட்டால் போய்விட்டதுபோலத் தெரியும், வேர் அங்கேயேதான் இருக்கும். மாத்திரையை நிறுத்தினால் மறுபடி தலைதூக்கும். 2019-இல் நம் நாட்டில் எடுத்த தேசிய உடல்நல ஆய்வில், 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு மேல் இனிப்புநீர் இருப்பது தெரியவந்தது. இந்தியர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் நூற்றுக்கு 31 பேர். மூன்று பேரில் ஒருவர் என்றே சொல்லலாம். அந்த ஆய்வில் இனிப்புநீர் இருப்பதாகத் தெரிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு, அதுவரை தங்களுக்கு அது இருப்பதே தெரியாது.

நம் காலை எது?

கைப்பேசியின் முதல் உபயோகம் அலாரம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைக்க வேண்டாம். எத்தனை மணிக்கு அலாரம் வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், மரம் வெட்டும் ஒருவருக்கு கிளினிக்கில் குளிக்லசைட் மாத்திரை கொடுத்திருந்தார்கள், காலை ஒன்று, மாலை ஒன்று. "எப்ப போடறது டிரசரையா?" என்று என்னிடம் வந்து கேட்டார். "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மனிதர் சொன்னபடி செய்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, மாத்திரையைப் போட்டு, ஒரு வாய்க் கோப்பி குடித்துவிட்டு வெட்டுக்குப் போனார். அவர் பசியாறுவது பத்து மணிக்கு, பால் எடுப்பதற்கு முன்னால். மூன்றாம் நாள் ஒன்பது மணிவாக்கில் மரத்தடியில் உட்கார்ந்து, வியர்த்துக் கொட்டி, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். மண்டோர் பார்த்துவிட்டு, ஆள் குடித்திருக்கிறார் என்று நினைத்து வீட்டுக்குத் துரத்திவிட்டார். பக்கத்து நிரையில் வெட்டிய பெண்மணி ஒருவர் தன் பையிலிருந்த இனிப்புத் தேநீரைக் கொடுத்ததால் பிழைத்தார். அன்று அவர் தனியாக மோட்டார் சைக்கிளில் சடக்கில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

குளிக்லசைட் போன்ற மாத்திரை, வயிற்றுக்குள் இருக்கும் கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. அந்த இன்சுலின் இரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் குறைக்கும். சாப்பாடு உள்ளே போனால் சரியாக இருக்கும். சாப்பாடு இல்லாமல் வேலையும் செய்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். 3.9-க்குக் கீழே போனால் ஆபத்து. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, அகோரப் பசி, பிறகு குழப்பமான பேச்சு. பார்ப்பவருக்குக் குடிகாரன் மாதிரித்தான் தெரியும். மண்டோர்களும் கங்காணிகளும் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆள் நினைவோடு இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை கொடுங்கள். தெளிந்த பிறகு ரொட்டியோ சோறோ சாப்பிட வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-க்கு அழையுங்கள்.

அன்று நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "நீங்க எத்தனை மணிக்குப் பசியாறுவீங்க?" மருந்துப் பொட்டலத்தில் 'காலை' என்று எழுதுகிறவருக்குக் காலை என்றால் எட்டு மணி. நமக்கு அப்போது பாதி வேலை முடிந்திருக்கும். ஆகையால் அலாரத்தைக் கடிகாரத்துக்கு வைக்காமல் சாப்பாட்டுக்கு வையுங்கள். பத்து மணிக்குப் பசியாறுகிறவர் என்றால் ஒன்பதே முக்காலுக்கு அலாரம், மாத்திரையும் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு காட்டுக்குப் போக வேண்டும். மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு போடும் மாத்திரை. அது மட்டும் போடுகிறவருக்குச் சர்க்கரை இப்படி இறங்குவது அபூர்வம். எந்த மாத்திரை எப்போது என்பதை நீங்களாக மாற்றிக்கொள்ளாமல், வேலை நேரத்தைச் சொல்லி டாக்டரிடமோ மருந்து கவுண்டரிலோ கேட்டு எழுதி வாங்குங்கள். செம்பனையில் குலை வெட்டும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: அரிவாள் கம்பு மேலே இருக்கும்போது அலாரம் அடித்தால், அடித்துவிட்டுப் போகட்டும். குலை இறங்கின பிறகு பையைத் தொடுங்கள்.

எழுத்துத் தெரியாத பாட்டிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அலாரச் சத்தத்துக்குப் பதிலாகப் பேரப்பிள்ளையின் குரலைப் பதிவு செய்து வைக்கலாம். எங்கள் தோட்டத்தில் ஒரு பாட்டியின் கைப்பேசி தினமும் ராத்திரி ஏழரை மணிக்கு, "பாட்டி, வெள்ளை மாத்திரை!" என்று கத்துகிறது. பாட்டியும் கோபித்துக்கொண்டே போடுகிறார்.

"எப்படி?" என்று ஒரு கேள்வி

இரண்டாவது உபயோகம் அலாரத்தைவிடப் பெரியது. ஆனால் அதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

ஆப்பிரிக்காவில் கென்யா என்ற நாட்டில் எச்.ஐ.வி. நோயாளிகள் 538 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. 2010-இல் அதன் முடிவு வெளியானது. அந்த மருந்தும் தினமும், ஆயுள் முழுக்கப் போட வேண்டிய மருந்துதான். பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மீதிப் பாதிப்பேருக்கு அதனுடன் வாரம் ஒரு முறை கிளினிக்கிலிருந்து ஒரே ஒரு வார்த்தை குறுஞ்செய்தியாகப் போகும்: "மாம்போ?" அவர்கள் பேசும் சுவாஹிலி மொழியில் 'என்ன சேதி?' என்பது மாதிரி. நோயாளி இரண்டு நாளைக்குள் 'சாவா', அதாவது சரி, அல்லது 'ஷிடா', அதாவது பிரச்சினை, என்று பதில் போட வேண்டும். பிரச்சினை என்றவருக்கும் பதிலே போடாதவருக்கும் கிளினிக்கிலிருந்து போன் வரும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், செய்தி பெறாதவர்களில் நூற்றுக்கு 50 பேர் மருந்தை ஒழுங்காகப் போட்டார்கள், பெற்றவர்களில் 62 பேர். விலையுயர்ந்த கைப்பேசி எதுவும் இல்லை. பட்டன் போன்தான்.

ஒருவழிச் செய்திக்கும் பலன் உண்டு. தமிழ்நாட்டில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நம்மைப் போன்ற வேலைக்காரர்களைப் பற்றியது. இனிப்புநீரின் வாசலில் நின்ற, வேலை பார்க்கும் ஆண்கள் 537 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஆரம்பத்தில் அறிவுரை சொன்னார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் சாப்பாடு பற்றியும் நடை பற்றியும் அடிக்கடி குறுஞ்செய்தி அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் செய்தி பெறாதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு இனிப்புநீர் வந்துவிட்டது. பெற்றவர்களில் 18 பேருக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் 710 இருதய நோயாளிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2015-இல் வந்தது. வாரம் நான்கு செய்தி, ஆறு மாதம். செய்தி பெற்றவர்களின் மேல் பிரஷர் சராசரி 128, பெறாதவர்களுக்கு 136. சிகரெட் பிடிப்பவர்கள் நூற்றுக்கு 26 பேர், மற்றப் பக்கம் 43.

இதையெல்லாம் படித்துவிட்டு நானும் கென்யாக்காரர்களைப் பார்த்துக் காப்பியடித்தேன். திங்கட்கிழமை சாயங்காலம், என் இனிப்புநீர்க்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்புவேன். (பத்திரிகைக்காரர்கள் இதைப் புலனம் என்கிறார்கள். லயத்தில் அப்படிச் சொன்னால் யாருக்கும் விளங்காது.) செய்தி இதுதான்: "எப்படி?" பதில் 'சரி' அல்லது 'கஷ்டம்'. பட்டன் போன் வைத்திருப்பவர் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் சரி, இரண்டு கொடுத்தால் கஷ்டம். புதன்கிழமை வரை சத்தம் இல்லை என்றால் நானே கூப்பிடுவேன் அல்லது வீட்டுக்கே நடப்பேன். 'சரி' என்று போட்டுவிட்டு மூன்று நாளாக மாத்திரையைத் தொடாதவரும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பொய் சொன்னவர் அடுத்த வாரம் தானாகவே வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார்.

உங்கள் தோட்டத்தில் இப்படிச் செய்ய ஆள் இல்லையா? கோலாலம்பூரிலோ ஜொகூர் பாருவிலோ வேலை பார்க்கும் மகனும் மகளும் இதைச் செய்யலாம். மாதம் ஒரு தடவை பணம் அனுப்புகிற பிள்ளை, வாரம் ஒரு தடவை "அம்மா, இன்னிக்கு சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்கட்டும். விரலில் குத்திப் பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால், பசியாறுவதற்கு முன் பொதுவாக 4.4-லிருந்து 7-க்குள் இருப்பது நல்லது. டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே உங்கள் அளவு. அந்த எண்ணைப் படம் எடுத்து அனுப்பினால், மகளின் கைப்பேசியில் தேதியோடு அடுக்கடுக்காக இருக்கும். கிளினிக்குக்குப் போகும்போது அதை டாக்டரிடம் காட்டுங்கள். "நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்" என்பதைவிட அது அவருக்கு ஆயிரம் மடங்கு உதவும்.

பாதத்தைப் படம் எடுங்கள்

மூன்றாவது விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பல வருடம் சர்க்கரை ஏறியே இருந்தால் காலில் உள்ள உணர்ச்சி நரம்புகள் கெட்டுப்போகும். சின்ன இரத்தக் குழாய்களும் அடைபடும். முள் குத்தினால் வலிக்காது. வலிக்காததால் பார்க்க மாட்டோம். இரத்த ஓட்டம் குறைவாக இருப்பதால் புண்ணும் ஆறாது. நாள் முழுக்க ரப்பர் பூட்ஸுக்குள் வேகும் கால் நம்முடையது. செம்பனை முள்ளோ விறகுச் சிலும்போ உள்ளே இருந்தாலும் தெரியாது. என்னிடம் ஒருவர் வாடை அடிக்கிறது என்று மனைவி சொல்லித்தான் வந்தார். பூட்ஸைக் கழற்றிப் பார்த்தபோது என் கையில் ஒன்றும் இல்லை. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயது. "வலிக்கவே இல்லையே ஐயா" என்றார். ஆறு மாதம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நம் பாதத்தின் அடியை நாமே பார்ப்பது சிரமம். தொந்தியும் முட்டி வலியும் உள்ளவருக்கு இன்னும் சிரமம். கைப்பேசியின் கேமராவுக்கு அந்தச் சிரமம் இல்லை. குளித்துவிட்டு, துடைத்த பிறகு, விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பாதத்தின் அடியையும் விரல் இடுக்குகளையும் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். தினமும் பார்ப்பது நல்லது. சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, கறுத்த இடம், வீக்கம், எது தெரிந்தாலும் அன்றே காட்டுங்கள். 'பார்ப்போம், ரெண்டு நாள் போகட்டும்' என்ற பேச்சே வேண்டாம். நர்சரியில் வேலை பார்க்கும் ஓர் அக்காள் எனக்கு ஒரு திங்கட்கிழமை 'கஷ்டம்' என்று போட்டு, கூடவே குதிகால் படம் ஒன்றையும் அனுப்பினார். மிளகளவு புண். மறுநாளே கட்டுப் போட்டு, கிளினிக்குக்கு அனுப்பி, வேலைக்குப் போகாமல் உட்கார வைத்தோம். ஐந்து வாரத்தில் ஆறிவிட்டது. இப்போது பூட்ஸ் போடுவதற்கு முன் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் காலை விடுகிறார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் கிளினிக் புத்தகத்தையும் மாத்திரை அட்டைகளையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் "சின்ன வெள்ளை மாத்திரை, ஒரு நீல மாத்திரை" என்று விளக்க வேண்டியதில்லை. அடுத்த தேதியைக் கைப்பேசி நாட்காட்டியில் ஒரு வாரம் முன்னதாகவே நினைவூட்டும்படி வையுங்கள், லாரியோ காரோ ஏற்பாடு செய்யவும் லீவு சொல்லவும் அந்த ஒரு வாரம் வேண்டும். கோவிட் காலத்தில் 2020-இல் வந்த மைசெஜாத்ரா செயலியில் இப்போது பல அரசாங்க கிளினிக்குகளுக்குத் தேதி எடுக்கலாம். மாதாமாதம் வாங்கும் மீதி மருந்தைத் தபாலில் பெற வழி உண்டா என்று மருந்து கவுண்டரில் கேளுங்கள். ஒரு நாள் சம்பளம் மிச்சமாகும்.

கைப்பேசி கெடுப்பதும் உண்டு

நம்மைக் காப்பாற்றும் கைப்பேசியே நம்மைக் கெடுப்பதையும் பார்க்கிறேன். பாகற்காய்ச் சாறு குடித்தால் பதினைந்து நாளில் இனிப்புநீர் ஓடிவிடும், டாக்டர்கள் மறைக்கும் இரகசியம் என்று ஒரு செய்தி ஊரெல்லாம் சுற்றுகிறது. பாகற்காய் சாப்பிடுங்கள், நல்ல காய்தான். ஆனால் அதை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தாதீர்கள். அந்தச் செய்தியை அனுப்பிய மச்சான் உங்கள் காலுக்குப் பொறுப்பேற்க மாட்டார்.

விரலை வைத்தால் பிரஷர் சொல்லும் என்று ஒரு செயலி அமெரிக்காவில் விற்பனையில் இருந்தது. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதைச் சோதித்தபோது, உண்மையில் பிரஷர் அதிகமாக இருந்தவர்களில் நூற்றுக்கு 78 பேர் போல அதனால் தவறான தைரியம் பெற்றிருப்பார்கள் என்று தெரிந்தது. பிரஷர் பார்க்க மேல் கையில் பட்டை கட்டும் மெஷின்தான் வேண்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு பாருங்கள், வீட்டில் 135-க்கு 85-க்குக் கீழே இருக்க வேண்டும். அதேபோல் ஊசி குத்தாமலே சர்க்கரை காட்டும் கைக்கடிகாரம் என்று இணையத்தில் மலிவாக விற்கிறார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் இப்படிப்பட்ட கடிகாரத்தையோ மோதிரத்தையோ நம்ப வேண்டாம் என்று எச்சரிக்கை விட்டது. அந்த எண்ணைப் பார்த்து இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. தோலுக்குள் மெல்லிய இழை போகும்படி கையில் ஒட்டும் கருவி வேறு, அது உண்மையானது, ஆனால் விலை அதிகம்.

இன்னொன்று. இரத்தப் பரிசோதனைத் தாளைக் கோயில் கமிட்டி குரூப்பில் போட்டு "இது சரியா?" என்று கேட்காதீர்கள். அதில் உங்கள் அடையாளக் கார்டு எண் இருக்கிறது. உங்கள் வியாதி எண்பது பேருக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

கடைசியாக, லைன். எங்கள் தோட்டத்தில் கோயில் மேட்டில் ஏறினால்தான் இரண்டு கோடு தெரியும். பின் டிவிஷனில் அதுவும் இல்லை. காட்டில் ஒருவர் விழுந்தால் 999-க்கு அழைக்க யாராவது மேட்டுக்கு ஓட வேண்டும். இதைப் படம் பார்க்கிற வசதிக்குறைவு என்று நிர்வாகம் நினைக்கக்கூடும். நம் கிளைத் தலைவர்கள் இதைச் சுகாதாரப் பிரச்சினையாகக் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். எந்தெந்த இடத்தில் லைன் இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், பேசுவதற்கு அது உதவும்.

அடுத்த தடவை என்னிடமோ உங்கள் தோட்டத்து டிரசரிடமோ வரும்போது கைப்பேசி, மாத்திரை எல்லாம், கிளினிக் புத்தகம் மூன்றையும் ஒரே பையில் கொண்டு வாருங்கள். அலாரத்தை அங்கேயே உட்கார்ந்து வைத்துத் தருகிறோம். பழைய பட்டன் போனாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் சார்ஜ் போட்டு எடுத்து வாருங்கள்.